கை மறந்த கல்வியும் ஒரு மரவிளக்கும்

குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். பிறரைக் குறைகூறப் புகுமுன் தன் கையிலுள்ள கறையைக் காட்டுவது முறையன்றோ?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப்பள்ளியில் மொழி விழா நடந்தது. பள்ளியின் பெயர் இங்கு வேண்டா. விழாவையொட்டி மாணவர்தம் கைவினைப் பொருட்காட்சியும் போட்டியும் இருந்தன. நடுவர் மூவருள் நானும் ஒருவன். அவ்வாண்டின் கருப்பொருள் 'ஒளி'. எனவே மேசைகள் நிறைய விளக்குகள். தங்கத்தாள் ஒட்டிய குத்துவிளக்குகள், ஞெகிழிக் குவளையில் செய்த கூண்டுகள், சிமிட்டும் வண்ணக் குமிழ்கள் என அவை கண்ணைப் பறித்தன. கடைசி மேசையின் ஓரத்தில் மரத்தாலான விளக்கு ஒன்று நின்றது. நான்கு மரக்கால்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், உட்புறம் ஒட்டிய வெள்ளைத்தாள், அவ்வளவே. ஒரு கால் சற்றே சாய்ந்திருந்தது. உள்ளிருந்து இளமஞ்சள் ஒளி கசிந்தது. அதனைச் செய்தவன் ஆறாம் ஆண்டு மாணவன்.

"நேர்த்தி போதவில்லை" என்றார் ஒரு நடுவர். "பளிச்சென்று இல்லை" என்றார் மற்றொருவர். நானும் தலையசைத்தேன். முதற்பரிசு, தங்கநிறக் குத்துவிளக்குக்குப் போயிற்று. அதன் உறுப்புகள் யாவும் கடையில் வாங்கி ஒட்டப்பட்டவை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். தெரிந்தே கொடுத்தோம்.

விழா முடிந்ததும் அச்சிறுவன் தன் விளக்கைப் பழைய நாளிதழில் சுற்றிக்கொண்டிருந்தான். உடன் வந்திருந்த அவனுடைய பாட்டி என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "இது பால்மரம் ஐயா. உடஞ்ச மேசைக்கால எடுத்துச் செஞ்சான். நாங்க வெட்டுன மரம்தான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, ஒரு செய்தியாகத்தான் சொன்னார். நான் "அப்படியா?" என்றேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த 'அப்படியா' என்னைக் குத்திக்கொண்டே வந்தது. முப்பதாண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கு, என் முன்னோர் பால் வெட்டிய மரம் மேசையாகிறது என்பதுகூட மனத்தில் பதிந்திருக்கவில்லை. கையால் செய்த பொருளையும் கையால் ஒட்டிய பொருளையும் பிரித்தறியும் கண்ணும் இல்லை. இருந்த கண்ணையும் மூடிக்கொண்டேன்.

இது ஒரு சிறுவனுக்கு நேர்ந்த சிறு அநீதி மட்டுமானால் அவனிடம் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்ளலாம். நம் கல்வியுலகம் கையை மறந்துவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு. அதிலும் தமிழ் கற்பிக்கும் நாம் மறந்தது இரட்டைக் குற்றம். ஏனெனில் நம் மொழியே தச்சனின் பட்டறையில் பாதி வளர்ந்த மொழி.

அவ்வையும் தச்சனும்

புறநானூற்றை நாம் வகுப்பில் நடத்துகிறோம். அதியமான் பரிசில் நீட்டித்தபோது அவ்வையார் அவன் வாயில் காவலனிடம் கூறிய பாடல் நம் அனைவர்க்கும் தெரிந்தது. கலை வல்லோர்க்கு எத்திசைச் சென்றாலும் சோறு உண்டு என்று சொல்ல வந்த அப்பெருமாட்டி, தமக்கு உவமையாக யாரைக் காட்டினார்? வேந்தனையா? அந்தணனையா? கோடரியோடு காட்டுக்குள் செல்லும் தச்சனின் கைத்திறம் மிக்க பிள்ளைகளைக் காட்டினார். காடு முழுவதும் அப்பிள்ளைகளுக்குப் பிழைப்பு. உலகு முழுவதும் புலவர்க்குப் பிழைப்பு. புலமையும் தச்சும் ஒரு துலாக்கோலின் இரு தட்டுகளில் சமமாக நிற்கின்றன.

அதே அவ்வையார் அதியமானின் ஆற்றலைப் பகைவர்க்கு உணர்த்த விழைந்தபோதும் தச்சனிடமே சென்றார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு திங்கள் முழுதும் முயன்று ஒரேயொரு சக்கரம் செய்தால் அது எத்தகையதாய் இருக்கும்? அத்தகையவன் எம் தலைவன் என்றார். விரைவாகச் செய்ய முடிந்தும் மெல்லச் செய்வதன் மாண்பை இதைவிட நுட்பமாக உரைத்தவர் யார்? சங்கப் புலவர் நிரலைப் புரட்டினால் கொல்லன் அழிசி இருக்கிறார். தங்காற் பொற்கொல்லனார் இருக்கிறார். உலைக்களத்திலிருந்து எழுந்து வந்து பாடியோர் அவர்கள்.

நன்னூலாரை எடுத்துக்கொள்வோம். நூலின் பெருமையைக் கூற வந்த பவணந்தி முனிவர், தச்சன் மரத்தின் வளைவைக் காட்டித் திருத்தப் பயன்படுத்தும் நூலையும் மாந்தர் மனத்தின் வளைவைத் திருத்தும் நூலையும் இணைத்துக் காட்டுகிறார். இந்நூற்பாவை நாம் ஆண்டுதோறும் மனப்பாடம் செய்விக்கிறோம். மரத்தின்மேல் நூல் பிடிப்பதை நம் மாணவருள் எத்தனை பேர் கண்டிருப்பர்? ஆசிரியருள் எத்தனை பேர்? உவமானத்தைக் காணாதவனுக்கு உவமேயத்தை மட்டும் ஊட்டுகிறோம். பிறகு இலக்கணம் கசக்கிறது என்று மாணவன்மேல் பழிபோடுகிறோம்!

நம் எழுத்தாளர்களும் இதற்கு விலக்கல்லர். 'சொற்களைச் செதுக்கினார்', 'கதையை இழைத்திருக்கிறார்', 'வைரம் பாய்ந்த நடை' என்று விழா மேடைதோறும் முழங்குகிறோம். செதுக்குவது உளி, இழைப்பது இழைப்புளி, வைரம் பாய்வது முதிர்ந்த மரத்தின் நடுப்பகுதி. உளியைத் தொடாதவன் செதுக்கலைப் பற்றிப் பேசுவது, கடலைக் காணாதவன் அலையைப் பற்றிப் பரணி பாடுவது போன்றது. சொல் எஞ்சி நிற்கிறது. பொருள் நம் கையை விட்டு நழுவிவிட்டது.

பால்மரத்தின் கடன்

அப்பாட்டியின் சொல்லுக்கு மீண்டும் வருகிறேன். 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் ரப்பர் விதைகள் இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1877இல் இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அத்தொடக்கக் கால மரங்களுள் ஒன்று அந்நகரில் நினைவுச் சின்னமாய்ப் போற்றப்பட்டு நின்றது. பின்னர்க் காடுகள் தோட்டங்களாயின. கப்பல் கப்பலாய்த் தமிழர் வந்தனர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருட்டில் சிறு விளக்கொளியில் பட்டை சீவி, மங்கில் பால் சொட்டக் கண்டு வளர்ந்த தலைமுறைகள் நம்முடையவை.

பால் சுரக்கும் காலம் ஏறத்தாழ இருபத்தைந்து முப்பது ஆண்டுகள். அதன்பின் மரம் வெட்டப்படும். வெட்டிய மரம் நெடுங்காலம் விறகாகவே எரிந்தது. காரணம் உண்டு. பால்மரத்தில் மாவுச்சத்து மிகுதி, வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சை படர்ந்து நீலக்கறை விழும், வண்டு துளைக்கும். உடனே அறுத்து, போரான் உப்புக் கரைசலை உள்ளே செலுத்தி, சூளையில் உலர்த்தினால் அம்மரமே வெளிர்மஞ்சள் நிறமுடைய உறுதியான பலகையாகும் என்பதை ஆய்வாளர் நிறுவினர். 1980களில் அதுவே இந்நாட்டுத் தளவாடத் தொழிலுக்கு முதுகெலும்பாயிற்று. ஜொகூரின் மூவார் நகரம் தளவாட நகரமாய்ப் பெயர் பெற்றது. நாம் அமர்ந்து பாடம் குறிப்பெழுதும் நாற்காலியே பால்மரமாக இருக்கக்கூடும்.

வெறும் விறகென்று தள்ளப்பட்டது தக்க பதப்படுத்தலால் உயர்பொருளாயிற்று. இவ்வுண்மையைத் தோட்டத் தமிழரின் பேரப்பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுத்தோமா? மரத்தின் பாலை எடுத்தோம். மரத்தை யாரோ எடுத்துச் சென்றனர். பட்டையை ஒரு மயிரிழையும் பிசகாமல் சீவத் தெரிந்த கைகள் நம் பாட்டிமாருடையவை. ஆழமாய் வெட்டினால் மரம் காயப்படும்; மேலோட்டமாய் வெட்டினால் பால் வராது. அத்தகைய கைத்திறனைக் 'கூலிவேலை' என்று பெயரிட்டு மறக்கச் செய்தோம். அச்சிறுவன் மட்டும் மறக்கவில்லை. உடைந்த மேசைக்காலை எடுத்து விளக்காக்கினான். அவனுக்கு நாம் தந்த மதிப்பெண், 'நேர்த்தி போதாது'!

நான் செய்த விளக்கு

கழுவாய் தேட எண்ணி, ஒரு விளக்கை நானே செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஓய்வுபெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? அறிந்த தச்சுப் பெரியவர் ஒருவரின் பட்டறையில் மூலையொன்றைக் கேட்டுப் பெற்றேன்.

முதலில் தாளில் வரைந்தேன். பதினைந்து சென்டிமீட்டர் சதுரம், முப்பத்தாறு சென்டிமீட்டர் உயரம். இரண்டு சென்டிமீட்டர் தடிப்பில் நான்கு கால்கள். மேலும் கீழும் குறுக்குச் சட்டங்கள் எட்டு. தாளில் அது எளிதாகவே இருந்தது. தாளில் எதுதான் எளிதாக இல்லை? நான்கு கால்களையும் தனித்தனியே அளந்து அறுத்தேன். நிறுத்திப் பார்த்தபோது நான்கும் நான்கு உயரம். பெரியவர் சிரித்தார். "வாத்தியாரய்யா, ஒவ்வொண்ணா அளந்தா ஒவ்வொரு தடவையும் தப்பு வரும். நாலையும் சேத்து வெச்சு ஒரே கோடாக் கிழிங்க" என்றார். அன்று நான் கற்றது தச்சு மட்டுமா? நாற்பது மாணவரைத் தனித்தனி அளவுகோலால் அளந்த என் பணிக்காலம் முழுவதும் கண்முன் வந்து நின்றது.

"ஒரு நூல் தள்ளி அறுங்க" என்றார் அடுத்து. நூலா? விளங்காமல் விழித்தேன். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு தச்சர் வழக்கில் ஒரு நூல். நன்னூலைக் கரைத்துக் குடித்தவன் என்று பெயரெடுத்த நான், தச்சனின் நூலுக்குமுன் எழுத்தறியாச் சிறுவனாய் நின்றேன். இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், அரம், சிராய் என அவர் நாவில் இயல்பாக உலவிய சொற்களுள் பாதியை நான் அகராதியில் மட்டுமே கண்டிருந்தேன். தமிழ் அருகுகிறது என்று மாநாடு கூட்டி அழுகிறோம். அருகாமல் வாழும் இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை.

சட்டத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கி, காலில் அதற்கேற்ற துளை வெட்டி, ஒன்றினுள் ஒன்றைச் செருக வேண்டும். ஆணி தேவையில்லை. நாரோட்டத்துக்கு எதிராக உளியை ஓட்டினேன், மரம் பிளந்தது. "அது போற பக்கம் நீங்க போகணும். அவசரப்பட்டா மரம் கேக்காது" என்றார் பெரியவர். இரண்டாம் முறை துளை பெரிதாகிப் பொருத்து ஆடியது. மூன்றாம் முறையே இறுக்கமாய் நின்றது. வெள்ளை மரப்பசை தடவி, கயிற்றால் இறுக்கி, ஒருநாள் முழுதும் தொடாமல் வைத்தேன்.

பிறகு உப்புத்தாள். முதலில் 120ஆம் எண், அடுத்து 180, இறுதியாக 240. முரட்டுத்தாளின் கீறலை அடுத்த தாள் அழிக்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் கீறல் எண்ணெய் பட்டவுடன் பல்லிளிக்கும். எண்ணெயிலும் ஒரு பாடம் இருந்தது. வீட்டிலிருந்த தேங்காயெண்ணெயைத் தடவப் போனேன். அது ஒருபோதும் காயாது, பிசுக்காகவே நிற்கும் என்று தடுத்தார். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடித் தானே இறுகிப் படலமாகும். ஆனால் அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால் அதே வினையின் வெப்பத்தால் தானே தீப்பற்றவும் கூடும். விரித்து உலர்த்த வேண்டும். இவ்வேதியியலை எந்த அறிவியல் வகுப்பில் இத்துணைத் தெளிவாகக் கற்றோம்?

இறுதியில் தாள் ஒட்டக் கஞ்சிப்பசை காய்ச்சினேன். சிறுவயதில் பட்டம் ஒட்டிய அதே பசை. தாள் கிழிந்தால் ஈரப்படுத்தி உரித்துவிட்டுப் புதியது ஒட்டலாம் என்பது அதன் சிறப்பு. குமிழ் தாங்கியும் கம்பியும் முத்திரை பெற்ற கடைப்பொருள்கள். மின்னிணைப்பை அறிந்தவர் ஒருவர் செய்து தந்தார். மின்சாரத்தில் வீரம் காட்டுவது வீரமன்று.

மெல்லொளி எதற்கு?

விளக்கை ஏற்றினேன், ஏமாந்தேன். வீட்டிலிருந்த ஒன்பது வாட் வெள்ளைக் குமிழைப் பொருத்தியிருந்தேன். விளக்கு மருந்தகம்போல் வெளிறி நின்றது. தாளின் நடுவே கண்கூசும் பொட்டொன்று. அப்போதுதான் அச்சிறுவனின் திறம் முழுமையாக விளங்கிற்று. 'பளிச்சென்று இல்லை' என்று எதைக் குறையாகச் சொன்னோமோ, அதுவே அவன் முயன்று பெற்ற பயன்!

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகால் குறிப்பர். மெழுகுத் திரியின் சுடர் ஏறத்தாழ 1,900. பழைய இழைக்குமிழ் ஏறத்தாழ 2,700. நம் வீடுகளில் பரவியுள்ள வெள்ளைக் குமிழ் 6,500. எண் ஏற ஏற ஒளியில் நீலம் மிகும். இரவில் நீலம் மிகுந்த கடும்ஒளி, உறக்கத்துக்கு வழிசெய்யும் மெலட்டோனின் சுரப்பைக் குறைக்கும் என்பது அறிவியல் கண்ட உண்மை. ஐந்து வாட் அளவில் 2,700 கெல்வின் எல்.இ.டி. குமிழை மாற்றினேன். குமிழைத் தாளிலிருந்து விலக்கி நடுவில் நிறுத்தினேன். பொட்டு மறைந்தது. சிறு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி கூரிய நிழலை வீசும். அதே ஒளி தாள் முழுவதும் பரவிப் பின்னர் வெளிப்பட்டால் நிழலின் விளிம்பு கரையும். முகங்கள் இளகித் தோன்றும். மெல்லொளியின் கமுக்கம் இவ்வளவே. இதனைப் பாடநூலில் ஒரு வரியில் எழுதலாம். மூன்று குமிழ் மாற்றிப் பார்த்தவனுக்கு அது வாழ்நாள் அறிவு.

படிக்கும் மேசைக்கு இவ்விளக்குப் போதாது. மாணவர் அதற்கு வேறு விளக்கு வைத்துக்கொள்ளட்டும். வீடு படிக்கும் மேசை மட்டுமன்றே! பேசவும், கதை கேட்கவும், முதியோர் அருகில் அமரவும் ஓர் ஒளி வேண்டும். சப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த சிற்பி இசாமு நொகுச்சி, 1951இல் கிபு நகரின் பழைய கைவிளக்குத் தொழிலைக் கண்டு, முசுக்கொட்டைப் பட்டைத்தாளும் மூங்கிலும் கொண்டு 'அகாரி' விளக்குகளைப் படைத்தார். மின்குமிழை மரபுக்குள் குடியேற்றிய அவ்விளக்குகள் உலகெங்கும் போயின. நம் மாடவிளக்கும் அகலும் பாவைவிளக்கும் என்ன ஆயின? தங்கநிற ஞெகிழியாய்ச் சந்தையில் தொங்குகின்றன. நாம் அவற்றுக்குப் பரிசும் கொடுக்கிறோம்!

மறுப்புகளுக்கு மறுமொழி

"தேர்வுக்கு இது உதவுமா?" என்பர். 1988 முதல் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, தேர்வுப் புத்தி போகவில்லை. தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புகளில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்றொரு பாடம் இடம்பெற்றது. அவ்வேளையைப் பிற பாடப் பயிற்சிக்குக் கடன் வாங்கியதே இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லும் ஆசிரியர் எத்தனை பேர்? நானும் வாங்கியிருக்கிறேன்.

பின்லாந்துக் கல்வியைப் புகழாத கருத்தரங்கு நம்மிடையே இல்லை. அந்நாடு 1866ஆம் ஆண்டிலேயே மக்கட் பள்ளிகளில் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கியது. இன்றளவும் அதனைக் கைவிடவில்லை. காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையே நடுவில் வைத்தது. பின்லாந்தின் புகழை வாங்கிக்கொண்டு அதன் உளியை மட்டும் வாசலில் விட்டுவரும் நம் சாமர்த்தியத்தை என்னென்பது?

"பிள்ளையைத் தச்சனாக்கவா பள்ளிக்கு அனுப்பினோம்?" என்பது அடுத்த கேள்வி. இதனுள்ளே ஒளிந்திருப்பது என்ன என்பதை வெளிப்படையாகவே சொல்வோம். கைத்தொழிலைச் சாதியோடு முடிச்சிட்டு இழிவென ஒதுக்கிய பழைய நோய் அது. கடல் கடந்து வந்தும் நம்மை விடவில்லை. தோட்டத்து வறுமை அந்நோய்க்கு மேலும் உரமிட்டது. வெயிலிலும் மழையிலும் உழைத்துத் தேய்ந்த பெற்றோர், தம் மக்களின் கையில் கருவியே படக்கூடாது என்று எண்ணியதில் வியப்பில்லை. அவர்களை நான் குறைகூற மாட்டேன். கருவியை வெறுத்த அவர்களின் கண்ணீருக்கும் கருவியை இகழும் நம் செருக்குக்கும் வேறுபாடு உண்டு. மருத்துவர் ஆகப்போகிறவனுக்கும் கை வேண்டும்; பொறியாளர் ஆகப்போகிறவளுக்கும் கை வேண்டும். தமிழாசிரியர்க்கு வேண்டும் என்பதற்கு நானே சான்று.

"உளி ஆபத்தானது" என்பர். ஆம், கூரற்ற உளி இன்னும் ஆபத்தானது. அழுத்தி வெட்ட நேர்வதால் கை தவறும். சிறியோர்க்கு உப்புத்தாளும் பசையும் போதும். பெரியோர்க்குக் கருவி, மேற்பார்வையோடு. வீட்டு மின்சாரத்துக்கு மாற்றாக ஐந்து வோல்ட்டில் எரியும் சிறுவிளக்குகள் உள்ளன. ஆபத்தை முன்னிறுத்திக் கையைக் கட்டிப்போடுவோர், அதே பிள்ளை கைப்பேசித் திரையின்முன் நள்ளிரவுவரை கிடப்பதை ஆபத்தாய்க் கருதுவதில்லை.

"கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே?" என்பது கடைசி மறுப்பு. கிடைக்கிறது. கவிதையும் கட்டுரையும்கூட நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பின் ஏன் மாணவனை எழுதச் சொல்கிறோம்? எழுதும்போது அவன் ஆகிறானே ஒருவன், அவனுக்காக. விளக்குக்கும் அதுவே விடை.

செய்ய வேண்டுவன

வெறும் புலம்பலோடு முடிப்பது என் நோக்கமன்று. நம் அதிகாரத்துக்கு உட்பட்ட, நாளையே செய்யத்தக்க செயல்கள் சில உண்டு.

ஒன்று: கைவினைப் போட்டிகளில் நடுவராக அமர்வோர், பொருளைப் பார்க்குமுன் செய்தவரின் சொல்லைக் கேட்கட்டும். 'எப்படிச் செய்தாய்? எங்கே தவறினாய்? எவ்வாறு திருத்தினாய்?' என்னும் மூன்று வினாக்கள் போதும். கடையில் வாங்கியவன் முதல் வினாவிலேயே நின்றுவிடுவான். செய்தவனோ நல்ல தமிழில் நெடுநேரம் பேசுவான். வாய்மொழிப் பயிற்சிக்கு இதனினும் சிறந்த வழி யாது?

இரண்டு: கட்டுரைத் தலைப்புகளை மாற்றுவோம். 'நான் ஒரு பேனா' என்னும் தன்கதையை எத்தனை தலைமுறைக்கு எழுதவைப்போம்? 'நான் செய்த ஒரு பொருள்' என்று எழுதச் சொல்வோம். முதலில் செய்யட்டும், பின் எழுதட்டும். வினையெச்சமும் வினைமுற்றும் தாமே ஒழுங்காய் வந்து அமர்வதைக் காண்பீர்கள்.

மூன்று: நம்மிடையே வாழும் தச்சர், கொல்லர், தையற்கலைஞர், பால் வெட்டிய பாட்டிமார் ஆகியோரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் வகுப்புக்கு அழைப்போம். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், அவர்கள் நாவிலுள்ள சொற்களை மாணவர் ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும். அகராதி தொகுப்போர்க்கு அது கொடையாகும்.

நான்கு: இப்பயிற்சியில் ஆண், பெண் வேறுபாடு வேண்டா. கத்தியின் கூரை மரத்தின் உயிருக்கு ஊறின்றிச் செலுத்தியவர்களில் பெண்களே பலர் என்பதைத் தோட்டங்களின் வரலாறு சொல்லும்.

ஐந்து: ஆசிரியரே ஒரு பொருளைத் தம் கையால் செய்து பார்க்கட்டும். பிளந்த மரத்தின்முன் நின்றவர், பிழைவிட்ட மாணவன்முன் சற்றுப் பொறுமையோடு நிற்பார்.

ஆசிரியப் பெருமக்களே! நம் மொழியில் 'விளக்கு' என்பது பெயராகவும் வினையாகவும் நிற்கும் சொல். இருள் நீக்குவதும் விளக்கு. பொருள் உணர்த்துவதும் விளக்குதல். கறை போகத் தேய்ப்பதும் விளக்குதலே. இம்மூன்றனுள் நடுவிலுள்ளதை மட்டும் நாம் தொழிலாகக் கொண்டோம். தேய்க்கும் கை இல்லாமல் விளக்கும் வாய் மட்டும் எத்தனை நாள் ஒளி தரும்?

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டில் உடைந்த நாற்காலி ஒன்று இருக்கலாம். தூக்கி எறியுமுன் அதன் மரத்தைப் பாருங்கள். வெளிர்மஞ்சளாய் இருந்தால், உங்கள் கொள்ளுப்பாட்டி விடியலில் தொட்ட மரத்தின் வழிவந்ததாக அது இருக்கக்கூடும். அதற்கு இன்னொரு வாழ்வு தர உங்கள் கையால் முடியும்.

நான் செய்த விளக்கு என் மேசையருகில் எரிகிறது. ஒரு நூல் அளவு இடப்புறம் சாய்ந்தே நிற்கிறது. பெரியவர் திருத்தித் தருவதாகச் சொன்னார்; வேண்டாம் என்றுவிட்டேன். அச்சிறுவன் இப்போது இடைநிலைப் பள்ளி மாணவன். அவன் வீட்டைத் தேடிச் சென்று, அன்று நான் சொல்லத் தவறியதைச் சொன்னேன். அவன் நாணத்தோடு கேட்டுக்கொண்டான். பின் உள்ளே சென்று தன் விளக்கைக் கொண்டுவந்து காட்டினான். சாய்ந்திருந்த காலை அவனே எப்போதோ கழற்றி நேராக்கியிருந்தான். எங்கள் பரிசுக்காக அவன் காத்திருக்கவில்லை. அடுத்த விழாவில் அத்தகைய ஒருவனைக் காணும் கண் நமக்கு இருக்குமா என்பதே என் கேள்வி.